விற்பனை ஒப்பந்தம்: ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும்?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் முன்னோர் கேட்டு வைத்தார்கள். அப்படியிருந்தும் நம் வணிகம் இன்றும் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. மண்டிக்காரர் தொலைபேசியில் விலை சொல்கிறார். கடைக்காரர் "சரி, அனுப்புங்கள்" என்கிறார். மறுநாள் காலை லாரி வந்து நிற்கிறது. நாணயத்தை நம்பி நடக்கும் இந்த முறையை நாம் குறை கூறவில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். எல்லா ஒப்பந்தமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லவில்லை.

சரக்கு தரம் குறைந்து வந்தாலோ, பணம் தவணை தாண்டினாலோதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது பேசியது என்ன என்பதில் இருவருக்கும் இரண்டு நினைவு. இருவரும் நாணயஸ்தர்களாகவே இருந்தாலும் இது நடக்கும். ஆகவே எழுதி வைப்பது நல்லது. எழுதுவதையும் ஒரே ஒரு பொருள் கொள்ளும்படி எழுத வேண்டும். இதற்கு நம் தமிழ்நாட்டு வணிகர் ஒருவரின் வழக்கே சான்று.

சேலத்திலா, கைராவிலா?

குஜராத் மாநிலம் கைரா மாவட்டத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் என்ற நிறுவனம் ஜரிகை போன்ற உலோக நூல் தயாரித்து விற்று வந்தது. சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜென்சீஸ் என்ற வணிக நிறுவனம் 1974ஆம் ஆண்டில் பாபின் ஒன்றுக்கு ரூ.35 வீதம் 5,000 பாபின் நூல் வாங்க அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. பின்னர் தகராறு ஏற்பட்டது. முன்பணத்தின் மீதியையும் நஷ்ட ஈட்டையும் கேட்டு ஏ.பி. ஏஜென்சீஸ் சேலம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

ஒப்பந்தத்தின் 11ஆவது நிபந்தனை, இந்த விற்பனையில் எழும் எந்தத் தகராறும் கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டது என்று கூறியது. "ஆகவே சேலத்தில் வழக்கு நடத்த முடியாது" என்றது எதிர்த்தரப்பு. சேலம் நீதிமன்றம் அதை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கைராவில் "மட்டும்" என்றோ, மற்ற நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்றோ அந்த நிபந்தனையில் எழுதப்படவில்லை. ஆகவே சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்று 1989 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தம் 1974இல், தீர்ப்பு 1989இல். இத்தனை ஆண்டுகள் போனது, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்காக அல்ல. எந்த ஊரில் வழக்கு நடத்துவது என்ற கேள்விக்காக மட்டுமே! "மட்டும்" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு முதல் நாளே விடை கிடைத்திருக்கும்.

பின்னர் 2013ஆம் ஆண்டில் ஸ்வஸ்திக் கேஸஸ் – இந்தியன் ஆயில் வழக்கில், "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும், ஓர் ஊரின் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டால் மற்றவற்றை விலக்கும் எண்ணம் அதில் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதை அறியாமல் பில்லின் அடியில் எதிர்த்தரப்பின் ஊரை அச்சிட்டிருப்பதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டால், சிறு தொகைக்காக வெளிமாநிலம் சென்று வழக்காட நேரிடும். நாம் எழுதும்போது "சேலம் நீதிமன்றத்தில் மட்டுமே" என்று எழுதிவிட்டால் இரண்டு தீர்ப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையே இல்லை. ஆனால் அந்த ஊருக்கும் அந்த வியாபாரத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். தொடர்பே இல்லாத ஓர் ஊரின் நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது.

நூறு டன் எண்ணெய்

பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு. சட்டமே அதற்கு உதாரணமும் தருகிறது. ஒருவர் "நூறு டன் எண்ணெய்" விற்பதாக ஒப்புக்கொள்கிறார். எந்த எண்ணெய் என்று காட்ட எதுவும் இல்லை. அந்த ஒப்பந்தம் செல்லாது. அவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் என்றால், அவர் தொழிலே விளக்கம் தருவதால் செல்லும். தம் வெள்ளைக் குதிரையை "ஐந்நூறு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு" விற்பதாகச் சொன்னால் அதுவும் செல்லாது; எந்த விலை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஆர்டர்களைப் பார்ப்போம். "நயம் துவரம் பருப்பு 100 மூட்டை, மார்க்கெட் விலை, பணம் சீக்கிரம்" என்று எழுதுகிறோம். நயம் என்பது யார் கண்ணுக்கு நயம்? மூட்டை 50 கிலோவா, 30 கிலோவா? எந்த ஊர் மார்க்கெட், எந்த நாள் விலை? சீக்கிரம் என்றால் பத்து நாளா, இரண்டு மாதமா? ஒரே வரியில் நான்கு தகராறுகளுக்கு விதை போட்டுவிடுகிறோம்.

எழுத வேண்டியவை

சரக்கு: பெயர், ரகம், ஈரப்பதம், தூசி, கலப்பு ஆகியவற்றின் உச்ச அளவை எண்ணால் எழுதுங்கள். மாதிரி பார்த்து வாங்கினால், மாதிரியை இரண்டு பையில் போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிப்படி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 17ஆவது பிரிவு.

அளவு: மூட்டை எண்ணிக்கையோடு நிகர எடையும் வேண்டும். வழியில் எடை குறைந்தால் எத்தனை சதவீதம் வரை ஏற்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விலை: ஜி.எஸ்.டி., லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு ஆகியவை விலையில் சேர்ந்தவையா, தனியா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள்.

ஒப்படைப்பு: இதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சரக்கின் உடைமை யாரிடம் போகிறதோ நஷ்டமும் அவரைச் சேரும். வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லாரியில் ஒப்படைத்தால் அது பொதுவாக வாங்குபவரிடமே ஒப்படைத்ததற்குச் சமம். லாரி வழியில் கவிழ்ந்தால் "என் கடைக்கு வரவே இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாமல் போகலாம். "கடை வாசலில் இறக்கும் வரை பொறுப்பு விற்பவருடையது" என்றோ, "லாரியில் ஏற்றியதும் பொறுப்பு வாங்குபவருடையது" என்றோ ஒரு வரி எழுதி, இன்ஷூரன்ஸ் யார் எடுப்பது என்பதையும் சேர்த்துவிட்டால் வம்பில்லை.

புகார்: சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு நியாயமான காலத்துக்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். நியாயமான காலம் எது என்று நீதிமன்றத்தைக் கேட்பதைவிட, "இறக்கிய 3 நாளுக்குள் எழுத்து மூலம்" என்று நாமே நாள் குறித்துக்கொள்ளலாம்.

பணமும் வட்டியும்: "30 நாள் தவணை" என்றால் பில் தேதியிலிருந்தா, சரக்கு இறங்கிய தேதியிலிருந்தா என்று எழுத வேண்டும். வட்டி விகிதத்தைப் பில்லில் அச்சிட்டால் மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. வாங்குபவர் அதற்குச் சம்மதித்து இட்ட கையெழுத்து நம்மிடம் இருக்க வேண்டும்.

நஷ்ட ஈடு: தவறினால் இவ்வளவு என்று தொகை குறிப்பிடலாம். ஆனால் மிரட்டலாகப் பெரிய தொகை எழுதுவதில் பயனில்லை. 74ஆவது பிரிவின்படி அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும்.

நாற்பத்தைந்து நாள் விதி

குறு, சிறு தொழில் நிறுவனங்களிடம் சரக்கு வாங்குவோர் 2006ஆம் ஆண்டின் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். எழுத்து மூலம் தவணை பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்போகாமல் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். அதாவது காகிதம் எழுதாமல் விட்டால் வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம் நஷ்டம்! தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, இக்காலக்கெடு தவறிய தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

இதே பாதுகாப்பு நமக்கும் உண்டா? இல்லை. மொத்த, சில்லறை வணிகர்கள் உத்யம் பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் அனுமதி வந்தது. ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான இந்த வட்டி வணிகர்களுக்குப் பொருந்தாது. தொழிற்சாலைக்காரருக்குச் சட்டமே நாளும் வட்டியும் குறித்துத் தருகிறது. நாமோ நம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான் உண்டு.

மூன்று ஆண்டுக் கெடு

விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 3 ஆண்டு. தவணை குறிப்பிட்டிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. குறிப்பிடாவிட்டால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து. "நம்ம பழைய வாடிக்கைதானே, தந்துவிடுவார்" என்று காத்திருந்து கெடு கடந்துவிட்டால் பேரேட்டில் உள்ள பாக்கி பேரேட்டிலேயே நின்றுவிடும். கெடு முடிவதற்குள் பாக்கித் தொகையை எழுதி, தேதியிட்டு, அவர் கையெழுத்தை வாங்கிவிட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். ஆண்டுக்கொரு முறை கணக்கு முடிக்கும்போது இதை வழக்கமாக்கிக்கொண்டால் யாருக்கும் மனவருத்தமும் வராது.

கையெழுத்திடுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உரிமையாளரா, பங்குதாரரா, அதிகாரம் பெற்ற மேலாளரா என்று பெயருக்குக் கீழே குறிப்பிடுங்கள். நம் கூட்டு நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு பெறாத நிறுவனம் ஒப்பந்த உரிமையைக் கேட்டு வெளியார் மீது வழக்குப் போட முடியாது. எவ்வளவு தெளிவாக எழுதிய ஒப்பந்தமும் அப்போது கைகொடுக்காது.

இதற்கெல்லாம் பத்துப் பக்கப் பத்திரம் வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றை ஒரு பக்கத்தில், இரு தரப்புக்கும் புரியும் தமிழில் எழுதிவிடலாம். எழுதி முடித்ததும், இந்த வியாபாரத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எவ்வளவு சரக்கு, என்ன தரம், என்று வரும், எவ்வளவு பணம், என்று தர வேண்டும், தவறினால் என்ன என்ற ஆறு கேள்விகளுக்கும் அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தே விடை சொன்னால் ஒப்பந்தம் சரி. பிறகு ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொண்டால் அதையே படிவமாக அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் அடுத்த பில் புத்தகத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், இப்போதுள்ள பில்லின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.