மலை காக்கும் மனை

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிக் கிளைத்து நீண்டு கிடப்பது பழனி மலைத்தொடர். அதன் வடபால் அடிவாரத்தில் பழனியும், மேலே கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மிக்க உயரத்தில் கொடைக்கானலும் அமைந்துள்ளன. பழனியின் பழம்பெயர் பொதினி. இம்மலைநாட்டை ஆண்ட பேகன், குளிரால் நடுங்கிற்று என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் என்பது சங்கச் சான்றோர் போற்றிய செய்தி. மலைவாழ் உயிர்க்கு இரங்கிய அவ்வள்ளலின் நாட்டில், இன்று மலையே மக்களின் இரக்கத்தை நோக்கி நிற்கின்றது.

இம்மலையின் முகடுகளில் புல்வெளிகளும் பள்ளங்களில் சோலைக்காடுகளும் உள்ளன. மழை பெய்யுங்கால் புல்லின் வேரும், சோலையின் பாசியும், மக்கிய இலைகளும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை ஓய்ந்த திங்களிலும் அதனைச் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன. அக்கசிவே சுனையாகி, ஓடையாகி, வடக்கே சண்முகநதியாகவும் தெற்கே மஞ்சளாறாகவும் இறங்கி வயல்களை விளைவிக்கின்றது. வந்த பொருளைக் காத்து, அளந்து செலவிடும் நல்ல இல்லத்தலைவியை ஒத்தது சோலை.

அச்சோலைக்கும் புல்வெளிக்கும் கேடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மனிதனின் அன்றாடத் தேவைகளிலிருந்தே வந்தது. விறகிற்கும், தோல் பதனிட உதவும் பட்டைக்கும், பிற தேவைகளுக்கும் எனச் சென்ற நூற்றாண்டில் அயல்நாட்டுச் சீகை மரமும் தைல மரமும் ஊசியிலை மரமும் இங்கே நடப்பட்டன. அவை பரவவே, புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. எரிபொருளில் சிக்கனம் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. பருப்பை முன்னரே ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும் எளிய செயல்களே. ஆயினும் அவற்றால் எரிபொருள் மிஞ்சும்.

காய்ச்சலை அளக்கும் வெப்பமானி மிகச் சிறிய கருவி. அதனைச் செய்யும் ஆலை ஒன்று கொடைக்கானலில் இயங்கி வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் அவ்வூர்ப் பழம்பொருட் கிடங்கொன்றில் காணப்பட்டமையால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2001 ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. மண்ணைத் தூய்மை செய்யும் பணியோ அதன்பின் பல்லாண்டுகள் நீண்டது. பாதரசம் ஆவியாகி மூச்சில் கலக்கும். நீரில் சேர்ந்து மீனின் உடலில் ஏறும். உண்பவரின் நரம்புகளைக் கெடுக்கும். பழைய வெப்பமானியிலும் குழல் விளக்கிலும் பாதரசம் உண்டு. ஆதலின், பழுதுற்ற அவற்றை உடைக்காமலும் பிற குப்பையோடு கலக்காமலும் தனியே சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும்.

பிளாஸ்டிக் பையின் கதையும் இத்தகையதே. உணவின் மணம் பற்றிக் குரங்கும் காட்டுமாடும் அதனை உண்கின்றன. எஞ்சியவை ஓடையை அடைக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்தது. 2021 இல் மஞ்சப்பையை மீண்டும் வழக்கிற்குக் கொணரும் இயக்கத்தைத் தொடங்கிற்று. பாட்டன்மார் தோளில் தொங்கிய துணிப்பை, பேரர்க்கும் பெருமை தருவதே. காய்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் எருக்குழியில் இட்டால், குப்பை குறையும்; தோட்டம் கொழிக்கும்.

நீரின் செய்தி இவை அனைத்தினும் பெரிது. நொடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாய் ஒரு நாளில் 86,400 துளிகளை வீணாக்கும். ஒவ்வொரு துளியும் சோலை அரிதிற் சேர்த்து வைத்த செல்வம். கழன்ற குழாயை உடனே திருத்துதலும், அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுதலும் சிறுவரும் செய்யத்தக்கவை.

எறிந்த பொருள் கண்ணுக்கு மறையலாம். உலகை விட்டு மறைவதில்லை. மலையில் எறிந்தது ஆற்றின் வழியே சமவெளிக்கு வரும். சமவெளியார் விரும்பியது மலையின் உருவையே மாற்றும். இதனை உணர்ந்து, வேண்டிய அளவே கொண்டு, கொண்டதைப் பேணி வாழ்தல் இளையோர் கடன். சோலையின் சிக்கனம் மனைதோறும் குடிபுகுமாயின், சுனைகள் வற்றா, வயல்களும் வாடா.