செம்பவாங் வெந்நீரும் சிராங்கூன் வெளிச்சமும்

மண்ணுக்குள்ளிருந்து வெந்நீர் வந்தால் நம்மவர்கள் சும்மா விடமாட்டார்கள். உடனே ஒரு கதை கட்டிவிடுவார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவின் ஏழு கிணறுகளும் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தைக் குத்தி எடுத்தவை என்பார்கள். இமாசலத்து மணிகரணில் குருத்வாராவின் சோறு ஊற்றிலேயே வேகிறது. அங்கே பார்வதியின் காதணி தொலைந்த கதை உண்டு. சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் இருக்கும் ஊற்றுக்குப் புராணம் எதுவும் அமையவில்லை. அதற்கு அமைந்தவர்கள் எல்லாம் உரிமையாளர்கள்.

1909-ல் நகராட்சி அதிகாரி டபிள்யூ.ஏ.பி. குடால் கண்ணில் பட்டபோது ஊற்று இருந்த நிலம் சியா எங் கியோங் என்ற சீன வணிகருடையது. 1920-களின் தொடக்கத்தில் ஃபிரேசர் அண்ட் நீவ் சோடா கம்பெனி அதை வாங்கியது. பூமி சுட வைத்துக் கொடுத்த தண்ணீரை ஆற வைத்து, புட்டியில் அடைத்து, கனிமநீர் என்று விற்றார்கள். போரில் ஜப்பானியர் வந்தார்கள்; வெந்நீரைக் கண்டால் விடாத அவர்கள், தங்கள் ஊர் வழக்கப்படி குளியல் தொட்டி கட்டினார்கள். 1944 நவம்பரில் நேச நாட்டுக் குண்டு விழுந்து ஊற்றின் ஓட்டமே தடைப்பட்டது. 1967-ல் மீண்டும் அதே சோடா கம்பெனியின் துணை நிறுவனம் புட்டியில் அடைக்கத் தொடங்கியது. 1985-ல் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஆகாயப்படைத் தளத்தை விரிவாக்க வேண்டியிருந்தது. சுற்றியிருந்த கிராமம், கம்போங் ஆயர் பானாஸ் என்ற பெயரோடு காலியானது.

இத்தனைக்கும் நடுவே நம் ஆட்கள் அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். 1938-ல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1968-ல் பிரிட்டிஷார் தளத்தின் கப்பல் துறையை ஒப்படைத்த பிறகு அது கப்பல் பட்டறையானது. ஊற்றின் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்காது. முழங்கால் வலிக்கு அந்தத் தண்ணீர் நல்லது என்ற பேச்சு மட்டும் அந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் இன்றும் இருக்கிறது.

2002-ல் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஊற்று திறந்துவிடப்பட்டது. திறந்தது என்றால், காம்பாஸ் அவென்யூவிலிருந்து வேலிக்கு நடுவே ஒரு நடைபாதை, கடைசியில் சிமெண்டுத் தரை, ஒரு செங்கல் அறை, சில குழாய்கள். அவ்வளவுதான். மீதியெல்லாம் வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும்: பிளாஸ்டிக் வாளி, மடக்கு நாற்காலி, துண்டு, முட்டை. சீனத் தாத்தாக்கள் குழந்தைகள் குளிக்கும் பெரிய தொட்டியையே தூக்கி வந்து கழுத்துவரை அமிழ்ந்திருப்பார்கள். மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. ஆனாலும் அங்கே ஒரு ஊர்வாடை இருந்தது. யார் வாளி, யார் முறை என்பதெல்லாம் கண்ணாலேயே தீர்ந்துவிடும்.

2018-ல் மூடி, 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் மறுபடி திறந்தபோது ஆளே மாறியிருந்தது. 1.1 ஹெக்டர் பூங்கா. ஊற்றில் 70 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர் படிப்படியான குளத்தில் இறங்கி வரும்போது கால் தாங்கும் 40 டிகிரிக்கு ஆறிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களும் கால் நனைக்கலாம். பழைய செங்கல் அறையை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். உணவுக்கடை உண்டு. காலை 7 மணியிலிருந்து மாலை 7 வரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. கழுத்துவரை அமிழும் தாத்தாக்களைத்தான் காணோம். இப்போது கால் மட்டும்தான்.

மாறாதது முட்டை. அதற்கென்றே தனியாக ஒரு மேடை கட்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். வாளியில் முட்டையைப் போட்டுக் கொதிநீரைப் பிடித்து மூடி வைக்க வேண்டும். ஆற ஆறக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நடக்காது. மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். வெள்ளைக் கரு முழுதாகக் கெட்டிப்பட 80 டிகிரியாவது வேண்டும். ஆகவே வீட்டு அடுப்புக்கு நேர்மாறாக, இங்கே வெள்ளை தளதளவென்று ஆடும், மஞ்சள் பிடிப்பாக இருக்கும். "பாட்டி, வெந்துருச்சா?" என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். "வேகுறப்ப வேகும், கால நனை போ" என்றார் அவர். உடைத்து, கருப்பு சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் தூவி, பக்கத்து வாளிக்காரர் வரை ஒரு சுற்று போயிற்று. காப்பிக்கடையின் அரைவேக்காட்டு முட்டை மாதிரிதான். அடுப்பு மட்டும் பூமி.

ஹங்கேரியில் இதே சூட்டுத் தண்ணீர் ஊரையே வாழவைத்திருக்கிறது. ஹைடுசோபோஸ்லோவில் 1925-ல் எரிவாயு தேடித் துளையிட்டார்கள்; கிடைத்தது 70 டிகிரியைத் தாண்டிய வெந்நீர். ஊர் அதையே பிழைப்பாக்கிக்கொண்டது. பேகேஷ்சபா என்ற ஊரில் வெந்நீர்க் குளியலோடு இலையுதிர்காலத்து சாசேஜ் திருவிழாவும் சேர்ந்துகொள்கிறது. நமக்குத் தண்ணீர் செம்பவாங்கில், தீபாவளித் திருவிழா லிட்டில் இந்தியாவின் தேக்காவில். ஏறக்குறைய அதே பருவத்தில், ரயிலேறி தோபி காட்டில் மாறினால் போய்ச் சேரும் தூரம்.

அந்தத் திருவிழாவின் கதை எதிர்த்திசையில் ஓடியது. சிராங்கூன் ரோடு முதலில் வேலைக்காரர்களின் இடம்: மாட்டுக் கொட்டில், சுண்ணாம்புச் சூளை, 1915-ல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தை. 1982-ல் சந்தை ரோட்டுக்கு எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாறியது. 1989-ல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. 2015-ல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் வந்தது. தீபாவளி முறுக்கும் அதிரசமும் ஒரு காலத்தில் வீட்டில் சுட்டு அண்டை அயலாருக்குத் தட்டில் போனவை. இன்று கேம்பல் லேன் சந்தையில் டப்பாவில் அடுக்கி விற்கிறார்கள். ஒளியூட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே நிற்பவர்களில் பாதிப்பேர் படம் பிடிக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்கள் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எல்லாருடையதாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் காசுக்கு மாறியது ஓரிடம். காசுக்காகவே தொடங்கி, வேலிக்குள் போய், கடைசியில் எல்லாருடையதும் ஆனது இன்னோரிடம். பழசு போயிற்றே என்று இரண்டுக்கும் ஒரே ஒப்பாரி வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தாத்தாவின் தொட்டி போனது நட்டம்தான். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பாட்டி தண்ணீரைத் தொடுவது அதைவிடப் பெரிய லாபம்.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் அந்த வட்டாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எரிமலையே இல்லாத தீவின் கருங்கல்லுக்குள் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்பது கேள்வி. எடுக்கட்டும். ஊற்றுக்கு அடுத்த உரிமையாளர் யாராக வந்தாலும் நான் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: கையில் நாலு முட்டையோடு வருகிறவர், எதுவும் வாங்காமல், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? கேம்பல் லேனுக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்.