சிலிப்பர் கட்டையில் ஒரு வாங்கு

கொழும்பில் தெமட்டகொடையின் ரயில் இயந்திரக் கொட்டகைப் பக்கம் நடமாடுகிறவர்களுக்குச் சிலிப்பர் கட்டை புதிதல்ல. இரு தண்டவாளங்களையும் 1676 மில்லிமீற்றர் இடைவெளி குலையாமல் பிடித்து, மேலே போகும் பாரத்தைச் சல்லிக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை. இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864இல். இன்று கொங்கிறீற்றுக் கட்டைகள் வந்துவிட்டதால், கழற்றிய மரக்கட்டைகள் வாங்காகவும் மேசையாகவும் மாறுகின்றன.

ரயில் கட்டை வேறு வேலைக்கு மாறுவது நமக்குப் பழகிய சங்கதிதான். 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபின், வடக்கில் இந்தக் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின.

தளபாடத்துக்கு இந்த மரம் ஏன் ஏற்றது? பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுகும், வெடிக்கும். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த கட்டை அந்தக் கூத்தையெல்லாம் ஆடி முடித்துவிட்டது. பாலை போன்ற வைரமரமென்றால் தூக்கும்போதே தெரியும். தண்ணீரில் தாழும் கனம். இறுகிய மரம் உடற்சூட்டை விரைவாக வாங்கிக்கொள்ளும். கொழும்புப் புழுக்கத்தில் அதன்மேல் உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான்.

ஆணி இருந்த துளையைச் சுற்றிக் கரிய வளையம் தெரியும். அது அழுக்கல்ல. ஈரத்தில் கரைந்த இரும்பு, மரத்தின் துவர்ப்பான தனினுடன் சேர்ந்து தந்த நிறம். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியலால்தான். கைதேர்ந்த தச்சர் அந்தக் கறையை மறைக்கமாட்டார். ஆனால் வாள் வைக்குமுன், முறிந்து உள்ளே நிற்கும் ஆணியைக் காந்தத்தால் தேடுவார். ஒரு துண்டு இரும்பு போதும், வாளின் பல் போய்விடும்.

மூக்குக்கும் வேலை உண்டு. கறையானும் உளுப்பும் அண்டாதிருக்கச் சில கட்டைகளில் கிரியோசோட் எனும் நிலக்கரித் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் வைத்தால் தார் வாடை எழும். அதிலுள்ள சில சேர்மங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அத்தகைய மரத்தை வீட்டுக்குள்ளும், தோலில் அடிக்கடி படும் இடங்களிலும் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் தடைவிதித்துள்ளது. மேலே சீவி வார்னிஷ் பூசினாலும் உள்ளே ஊறியது போகாது. விறகாக எரிப்பதும் ஆபத்து.

ஆகவே வாங்கப் போனால், பூச்சு ஏறுமுன் வெறும் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் உறுதி, சொத்தென்றால் உளுத்தது. பிறகு முகர்ந்து பாருங்கள். தார் மணம் வந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.