உஷார்! மறைந்த புண்ணை நம்பாதீர்கள்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி முதலுதவி அறையிலும் சின்ன கிளினிக்குகளிலும் டியூட்டி பார்க்கும் நர்ஸ்களே, ஒரு நிமிஷம்!

நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பையன், "அந்த இடத்துல ஒரு புண்ணு இருந்துச்சு சிஸ்டர், வலியே இல்ல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், போயிடுச்சு" என்றால் அவனை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். சிஃபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். கிருமி மட்டும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு வரலாம். க்ளவுஸ் அலர்ஜி, கெமிக்கல் அலர்ஜி என்று களிம்பு கொடுத்து முடித்துவிடுவது இங்கே எவ்வளவு சுலபம்! ஊரில் அவன் மனைவி கர்ப்பமாக இருந்தால், அவளுக்கும் தொற்றி, குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும். அவனை விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனைக்கு உடனே அனுப்புங்கள்.

ஆரம்ப நிலை சிஃபிலிஸுக்கு டாக்டர் எழுதுவது 24 லட்சம் யூனிட் பென்சத்தைன் பென்சிலின். இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாக, தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். ரத்தக் குழாயில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். பென்சிலின் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஊசி போட்டதும் அரைமணி நேரம் நோயாளியை உட்கார வையுங்கள். அன்றிரவே காய்ச்சல், உடம்புவலி வரலாம், கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து, திரும்ப வரவே மாட்டார்.

சிஃபிலிஸ் மட்டுமல்ல, பிறப்புறுப்பில் சீழ் வடிந்தால் பழைய பழக்கத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடுகிறார்கள். வெட்டை நோய் (கொனோரியா) கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் தரும் சாம்பல் நிற கிட்டில் அஸித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் சேர்ந்தே இருக்கும். உங்கள் கண்ணெதிரே விழுங்கச் சொல்லுங்கள். துணைக்கும் சிகிச்சை தராவிட்டால் நோய் மறுபடி தொற்றும். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. கையோடு நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் முடியட்டும்.

இந்தி, ஒடியா பேசும் தொழிலாளி வந்தால் மொழிபெயர்க்க ரூம்மேட்டையோ கான்ட்ராக்டர் ஆளையோ தயவுசெய்து கூப்பிடாதீர்கள். விஷயம் மாலைக்குள் லைன் முழுக்கப் பரவிவிடும், அவர் வேலையே போகும். எய்ட்ஸ் உதவி மையத்தின் இலவச எண் 1097-ல் பல மொழிகளில் பேசுகிறார்கள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.