விறகு அடுப்புக்குக் கெடு... மும்பை பாவ், ப்ரூன் மஸ்கா இனி என்ன ஆகும்?

வேலைக்காக மும்பையில் இருக்கிறீர்களா? வீக்எண்டில் மால் மாலாகச் சுற்றி போரடிக்குதா? ஒரு காலைப்பொழுதைப் பழைய பேக்கரிகளுக்கு ஒதுக்குங்கள். அதற்கு முன் அந்த அடுப்புகளைச் சுற்றி நடக்கும் பிரச்னையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாவ் எங்கிருந்து வந்தது?

'பாவ்' என்பது போர்ச்சுகீசியச் சொல். ரொட்டி என்று அர்த்தம். கோவா வழியாக மும்பைக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் டீக்கடைகளும் பேக்கரிகளும் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய 'இரானி கஃபே'.

எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?

* கயானி அண்ட் கோ: தோபி தலாவில் 1904 முதல் இருக்கிறது. ப்ரூன் மஸ்கா கேளுங்கள். ப்ரூன் என்பது மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும் பாவ்; மஸ்கா என்றால் வெண்ணெய். இரானி சாயாவில் முக்கிச் சாப்பிட வேண்டும். நம்ம ஊர் பன் பட்டர் ஜாமுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்க. புனேவில் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டுக்குப் பேர்போன கயானி பேக்கரி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.
* பார்ஸி டெய்ரி ஃபார்ம்: 1916-இல் தொடங்கியது, பிரின்சஸ் தெருவில் உள்ளது. குல்ஃபியும் பால் இனிப்புகளும் வாங்கலாம்.
* தியோப்ரோமா: 2004-இல் கொலாபாவில் தொடங்கிய புதுத் தலைமுறைக் கடை. பிரவுனிதான் ஸ்பெஷல்.

சரி, என்ன பிரச்னை?

காற்று மாசு தொடர்பான வழக்கில், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதத்துக்குள் காஸ், மின்சாரம் போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது.

விறகு எரித்தால் என்ன தப்பு?

பல பேக்கரிகள் வாங்குவது காட்டு விறகு அல்ல. உடைந்த மேஜை, பழைய கதவு, ஜன்னல். விலை குறைவு என்பதுதான் காரணம். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் பெயின்ட்டும் வார்னிஷும் சேர்ந்து எரியும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்பருகே நிற்கும் தொழிலாளி. அடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர்.

அப்போ மாற வேண்டியதுதானே?

சொல்வது சுலபம். பட்டி என்று அழைக்கப்படும் செங்கல் அடுப்பு ஒருமுறை சூடேறினால் வெப்பத்தைப் பல மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். ஒரே நேரத்தில் ஏராளமான பாவ் வேகும். அதை இடித்துவிட்டுப் புது ஓவன் வைக்கப் பணம் வேண்டும், காஸ் இணைப்பு வேண்டும், வேலை நிற்கும் நாட்களின் நஷ்டத்தையும் தாங்க வேண்டும். பெரிய கடைகள் சமாளிக்கும். சந்துக்குள் இருக்கும் சின்ன பேக்கரி பாவ் விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டும். வடா பாவை நம்பிப் பசியாறும் கூலித்தொழிலாளிக்கு அந்த ஓரிரு ரூபாயும் கணக்குதான்.

ருசி மாறுமா?

விறகின் மணம் குறையலாம். ஆனால் ப்ரூனின் மொறுமொறுப்புக்கு முக்கியக் காரணம் மாவின் பக்குவமும் அடுப்பின் சூடும். அதனால் காஸ் அடுப்புக்கு மாறிய பேக்கரி என்றால் ஒதுக்கிவிடாதீர்கள். மாறுவதற்குச் செலவழித்த கடைக்கு இப்போது தேவை வாடிக்கையாளர்கள்தான்.

ஒரு டிப்ஸ்: காலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் சூடாகக் கிடைக்கும். கையில் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.