பக்கத்தில் நின்ற குறி

பரிசோதனைக் கூண்டின் சுவரில் இரண்டு வட்டப் பொத்தான்கள். ஒன்றில் சிவப்பு வெளிச்சம், மற்றொன்றில் பச்சை. சிவப்பைக் கொத்தினால் கீழேயுள்ள திறப்பில் தானியத் தட்டு சில விநாடிகள் மேலெழும்பி நிற்கும். பச்சையைக் கொத்தினால் விளக்கு அணைந்துவிடும், தானியம் கிடையாது. சிவப்பு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி வருவதால் இடத்தை நம்பிப் பயனில்லை. நிறத்தைத்தான் கவனிக்க வேண்டும். பசித்த புறா இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. அதன் மூளைக்குள் பச்சை எந்த மதிப்பில் பதிகிறது என்பதுதான் கேள்வி.

1991இல் ஃபான் ஃபெர்சன், வின், டீலியஸ், ஸ்டாடன் ஆகிய ஆய்வாளர்கள் ஐந்து குறிகளைப் புறாக்களுக்குக் காட்டினார்கள். அவற்றைக் க, ச, ட, த, ப என்று வைத்துக்கொள்வோம். க-ச ஜோடியில் க-வுக்குத் தானியம். ச-ட ஜோடியில் ச-வுக்கு. ட-த ஜோடியில் ட-வுக்கு. த-ப ஜோடியில் த-வுக்கு. பயிற்சி முடிந்ததும், அதுவரை சேர்ந்தே வராத ச-வையும் த-வையும் எதிரெதிரே வைத்தார்கள். இரண்டுமே ஒரு ஜோடியில் வென்று, ஒரு ஜோடியில் தோற்றவை. ஆனாலும் புறாக்கள் பெரும்பாலும் ச-வையே கொத்தின.

குறிகளை மனதில் வரிசைப்படுத்திப் புறா தர்க்கம் செய்கிறதா? ஆய்வாளர்கள் அதைவிட எளிய விளக்கம் ஒன்றைச் சொன்னார்கள். எப்போதும் தானியம் தரும் க-வின் பக்கத்தில் நின்றதால் அதன் மதிப்பில் கொஞ்சம் ச-வுக்கும் ஒட்டிக்கொண்டது; பூவோடு சேர்ந்த நாரும் மணப்பதுபோல. த-வுக்கு அப்படியொரு பக்கத்துணை வாய்க்கவில்லை.

இதற்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பயிற்சியின்போது ச-வைக் கொத்தியதற்கே கூடுதலாகத் தானியம் கிடைத்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்கு இடம் தராத சோதனையை 1994இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸென்டால், ஷெர்பர்ன் இருவரும் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அவ்வளவு சுத்தமான ஏற்பாடு. முதல் ஜோடியில் சரியான குறி ஒவ்வொரு முறையும் தானியம் தரும். இரண்டாம் ஜோடியில் சரியான குறி பாதி முறைதான் தரும். இரண்டிலும் தவறான குறிக்கு ஒருபோதும் ஒரு மணிகூடக் கிடையாது. கடைசியில் அந்தத் தவறான குறிகள் இரண்டையும் அருகருகே வைத்துப் புறாவிடமே விட்டார்கள்.

தானியமே தந்திராத அந்த இரண்டில் புறாக்கள் அதிகம் நாடியது, எப்போதும் தானியம் தந்த குறியின் பக்கத்தில் நின்றதை.