பொங்கலுக்கு விதை, ஹோலிக்கு நடவு: டெல்லி வீட்டுக்குள் ஊர் மிளகாய்!

டெல்லியில் தள்ளுவண்டிக்காரரிடம் காய்கறி வாங்கினால், கடைசியில் ஒரு பிடி கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் கொசுறாகப் போடுவது வழக்கம். காசு கேட்கமாட்டார். கேட்டால் வாங்குகிறவர் சண்டைக்கு வந்துவிடுவார்!

இப்படி இனாமாகக் கிடைக்கும் பொருளை வீட்டில் எதற்காகப் பயிரிட வேண்டும்?

காரணம் இருக்கிறது. அந்த மிளகாய் சட்னிக்கு ஆகும், பொரியலுக்கு ஆகும். வத்தக்குழம்பு தாளிக்க ஆகாது. அதற்கு ஊர் மிளகாய்தான் வேண்டும். உருண்டு திரண்ட ராமநாதபுரம் குண்டு மிளகாய், அல்லது நீண்ட சம்பா மிளகாய்.

அதனால்தான் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில், துணிமணிகளுக்கு நடுவே ஒரு மிளகாய் வற்றல் பொட்டலம் தவறாமல் இருக்கிறது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசிலும், தமிழ்நாடு எக்ஸ்பிரசிலும் எத்தனையோ மூட்டைகளில் அந்த நெடி இரண்டு நாள் பயணம் செய்கிறது.

பொட்டலம் தீர்ந்ததும் டப்பாவின் அடியில் மஞ்சள் நிறத்தில் விதைகள் உதிர்ந்து கிடக்கும். பெரும்பாலும் அவை குப்பைக்குப் போகின்றன. சிலர் மட்டும் ஆசையாக ஒரு தொட்டியில் தூவிப் பார்க்கிறார்கள். பத்து நாள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒன்றும் முளைப்பதில்லை. ''டெல்லி மண்ணுக்கு நம் ஊர் மிளகாய் வராது'' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அது தவறு. குற்றம் மண்ணில் இல்லை.

மிளகாயும் வெளியூர்தான்!

மிளகாய் நம் நாட்டுச் செடியே அல்ல. அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1492-ம் ஆண்டு கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் மற்ற நாடுகளுக்கு அது தெரியவந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இந்தியக் கரையில் இறக்கினார்கள்.

அதற்கு முன்பு தமிழன் காரத்துக்கு மிளகைத்தான் நம்பி இருந்தான். மிளகைப் போல உறைக்கிற காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்தான். வந்த இடத்தில் வேர்விட்டு, அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட செடி அது. இன்று மிளகாய் இல்லாத தமிழன் வீட்டுச் சமையல் அறை உண்டா? ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கடல் தாண்டி வந்து ராமநாதபுரத்தில் பிழைத்த செடி, ரெயில் ஏறி வந்து டெல்லியில் பிழைக்காதா? பிழைக்கும். ஆனால், முதல் இரண்டு மாதம் அதைக் கைக்குழந்தை போல வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

ஏன் முளைக்கவில்லை?

மிளகாய் விதைக்கு வேண்டியது சூடு. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை உறங்கும். ஈரம் அதிகமாக இருந்தால் உறக்கத்திலேயே அழுகிவிடும்.

டெல்லியில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் 7 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. பால்கனித் தொட்டியில் அப்போது தூவிய விதை எப்படி முளைக்கும்?

சரி, வெயில் வரட்டும் என்று ஏப்ரலில் விதைத்தால் என்ன? நாற்று வளர்ந்து பூக்கிற நேரத்தில் அனல் காற்று வீசும். பூ எல்லாம் கொட்டிவிடும்.

ஆகவே, வெளியே குளிர் இருக்கும்போதே வீட்டுக்குள் முளைக்கவைத்து, குளிர் விட்டதும் வெளியே கொண்டுபோக வேண்டும். பொங்கல் முடிந்ததும் விதை. ஹோலி சமயத்தில் நடவு. இந்தக் கணக்கை மனதில் வைத்தால் போதும்.

எந்த விதை நல்லது?

வெயிலில் காய்ந்த, நன்றாகச் சிவந்த வற்றலில் இருந்து விதை எடுக்க வேண்டும். இந்த ஆண்டு வற்றலாக இருந்தால் மிகவும் நல்லது. நாள் ஆக ஆக முளைக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். வறுத்த மிளகாய் விதை முளைக்காது. வண்டிக்காரர் கொடுக்கும் பச்சை மிளகாயின் விதையும் பயன்படாது. அது முற்றாத விதை.

மிளகாய் வயல்களில் பூச்சிகள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்குக் கொண்டுபோவது உண்டு. ஆகவே, பத்துச் செடியில் ஒன்றிரண்டு காய் வேறு உருவத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஊர் வற்றல் கையில் இல்லாதவர்கள் 'பூசா ஜுவாலா' விதை வாங்கி விதைக்கலாம். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம் அது. காய் ஒல்லியாக, நீளமாக, சுருக்கம் விழுந்து இருக்கும். 'பூசா' என்பது பீகாரில் உள்ள ஒரு ஊரின் பெயர். 1934-ம் ஆண்டு பூகம்பத்தில் அங்கிருந்த கட்டிடங்கள் இடிந்ததால், 1936-ல் அந்த நிலையம் டெல்லிக்கு வந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது!

விதை எடுத்த கையால் கண்ணைத் தொடக் கூடாது. மிளகாயின் காரம் விதையில் உற்பத்தி ஆவதில்லை. விதையைத் தாங்கி இருக்கும் வெளிறிய சதையில்தான் இருக்கிறது. விதையில் அது ஒட்டிக்கொண்டு வரும். கையில் எரிச்சல் இருந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மாவு பொங்கும் இடம்

வீட்டுக்குள் சூடான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வெப்பமானி வேண்டாம். டெல்லியில் குடித்தனம் நடத்தும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்மணிக்கும் அந்த இடம் தெரியும்.

ஜனவரி மாதத்தில் இட்லி மாவை எங்கே வைத்தால் பொங்குகிறதோ, அதுதான் மிளகாய் விதைக்கும் இடம்! இரண்டுக்கும் வேண்டிய சூடு ஏறக்குறைய ஒன்றுதான். சிலர் மாவுப் பாத்திரத்தை ஹாட் பாக்சில் வைப்பார்கள். சிலர் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். விதைக்கும் அதையே செய்யலாம்.

விதையை இளஞ்சூடான தண்ணீரில் ஒரு இரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் ஒரு பருத்தித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, அதில் விதைகளை மடித்து, ஒரு சிறிய டப்பாவில் போட்டு மூட வேண்டும். அந்த டப்பாவையும், ஒரு பாட்டிலில் சுடுதண்ணீரையும் ஹாட் பாக்சில் வைத்து மூடிவிடலாம். டப்பா பாட்டிலைத் தொடக் கூடாது. காலையிலும் மாலையிலும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும்போது டப்பாவையும் ஒரு நிமிடம் திறந்துவைத்தால் விதைக்குக் காற்றுக் கிடைக்கும்.

ஒரு வாரம் கழித்துத் தினமும் துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக ஒரு சிறு வேர் எட்டிப் பார்த்தால், அந்த விதை மண்ணுக்குத் தயார்.

தண்ணீர்தான் எமன்

தயிர்க் கப், டீக்கடை மண் குவளை, பால் பாக்கெட் எதுவானாலும் சரி. அடியில் ஓட்டை இருக்க வேண்டும். சலித்த மண்ணும், மக்கிய உரமும், தேங்காய் நார்த் தூளும் சம அளவு கலந்து நிரப்பலாம். மண்ணில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவைத்தால் பூஞ்சைக் கிருமிகள் குறையும். பிறகு அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து, லேசாக மூடினால் போதும்.

இதற்குப் பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, இன்று காலை தண்டின் அடி சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். இதற்கு 'நாற்றழுகல்' என்று பெயர். வந்துவிட்டால் அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது.

குண்டு மிளகாய் ராமநாதபுரம் சீமையில் வானம் பார்த்த பூமியில் விளைகிற பயிர். தண்ணீர் தேங்குவதை அது தாங்காது. மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்து இருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். அதுவும் காலையில் ஊற்றுவது நல்லது.

முளைத்த உடன் வெளிச்சம்

விதைக்கு வேண்டியது சூடு. நாற்றுக்கு வேண்டியது வெளிச்சம். முளை மண்ணுக்கு மேலே தலை காட்டிய அன்றே ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

எந்த ஜன்னல்? குளிர் காலத்தில் டெல்லியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. ஆகவே, தெற்குப் பார்த்த ஜன்னலில்தான் வெயில் அறைக்குள் நீளமாக விழும். வடக்குப் பார்த்த ஜன்னலால் பயன் இல்லை. வெளிச்சம் போதாவிட்டால் நாற்று வெளுத்து, நூல் போல நீண்டு, கீழே விழுந்துவிடும்.

ஒற்றை அறைக் குடித்தனத்தில் தெற்கு ஜன்னலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டை நாற்றுக்கு மேலே அரை சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிடலாம். மூன்றரை நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்தான் செலவாகும். நாற்று வளர வளர லைட்டை உயர்த்த வேண்டும்.

ஹோலிக்கு நடவு

ஆறு வாரத்தில் நாற்று ஒரு சாண் உயரம் வரும். ஹோலி முடிந்து, இரவுக் குளிரும் விட்டதும் பால்கனிக்கு மாற்றலாம். ஆனால், ஒரே நாளில் வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெந்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்க வேண்டும்.

பிறகு, ஒரு அடி அகலமுள்ள தொட்டியில் ஒரு செடி நடலாம். பழைய பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டும் பயன்படுத்தலாம்.

இலை சுருண்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ இவற்றின் வேலையாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலை நேரத்தில் இலையின் அடியில் தெளிக்க வேண்டும்.

காற்றுப் புகாத இடத்தில் செடி பூத்தால், தண்டை விரலால் லேசாக உலுக்கிவிட வேண்டும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வெளியே காற்று செய்கிற வேலையை வீட்டுக்குள் விரல் செய்ய வேண்டும்; அவ்வளவுதான்.

மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது பூ உதிரும். செடி செத்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. மத்தியான வெயில் படாமல் ஒரு பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடுத்தால் போதும். மழை வந்ததும் மறுபடியும் பூக்கும். டிசம்பரில் கிளைகளைக் கழித்து, வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டால் அடுத்த ஆண்டும் காய்க்கும்.

முதல் பழம் குழம்புக்கு அல்ல!

இரண்டு தொட்டிச் செடியால் வீட்டுச் செலவு குறைந்துவிடாது. ஒரு பறிப்புக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். வருடத்துக்கு வேண்டிய மிளகாய்ப்பொடிக்கு ஊர்ப் பொட்டலம்தான் கதி.

ஆனால், அந்தப் பொட்டலம் எத்தனை காலம் வரும்? சம்சாரியிடம் சொல்லிவைத்து வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, காம்பு கிள்ளிக் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு வயது ஆகிறது. ஒரு நாள் ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டி வரும். கடைசியாக வந்த பொட்டலம் அலமாரியில் அப்படியே இருக்கும். எடுத்துச் சமைக்கவும் மனம் வராது. எறியவும் மனம் வராது.

பத்திரமாக வைத்திருந்தாலும் அந்த விதை அதிக நாள் உயிரோடு இருக்காது. சில ஆண்டுகளில் அது வெறும் உமிதான். விதையைக் காப்பாற்ற ஒரே வழி, அதை விதைத்துவிடுவதுதான்.

ஆகவே, செடியில் முதன் முதலாகச் சிவக்கும் நல்ல காய்களில் இரண்டைப் பறிக்காமல் விட்டுவைக்க வேண்டும். நன்றாகப் பழுத்துச் சுருங்கிய பிறகு எடுத்து, நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்து, மேலே ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு, டெல்லியில் விளைந்த ஊர் மிளகாய் விதை தயார்!